மணி ஒதுக்கி வைத்த பாதிச் சோறு

இன்று வாசுதேவநல்லூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், சங்கரன்கோவிலில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அண்ணாச்சி. பார்த்து நாற்பது வருஷம் இருக்கும்.

“தம்பி, ஒங்க வீட்டுல ரெண்டு நாய் கெடந்துச்சே!”

ஆமாம். எண்பதுகளில் அப்பா தெருவிலிருந்து தூக்கி வந்தவை. மணி முதலில் வந்தான், ரோசி பிறகு. இரண்டுக்கும் ஒரே தட்டு. மணி பாதியைத் தின்றுவிட்டு ஒதுங்கி நிற்பான். மீதி ரோசிக்கு.

பெல்ட் கட்டிய நாயை, தெருநாய்களைப் பிடித்துப்போய்க் கொல்லும் முனிசிபாலிட்டி நாய்வண்டிக்காரர்கள் தொட மாட்டார்கள். அதனால் இரண்டுக்கும் அப்பா பெல்ட் கட்டியிருந்தார். ஆனாலும் ஒருநாள் ரோசியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெல்ட் கழன்று விழுந்திருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

“அந்தப் பொட்டையோட பெல்ட்ட நான்தான் அவுத்துட்டு வண்டிக்காரன்ட்ட காட்டிக் குடுத்தேன்,” என்று சிரித்தார் அண்ணாச்சி. “ரெண்டும் சேந்து கொரைச்சா மனுசன் தூங்க வேண்டாமா? ஒண்ண ஒங்களுக்கு விட்டேம்லா!”



அவர் விட்டுவைத்த மணி, சாகும்வரை பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு ஒதுங்கி நின்றான். மீதியை அம்மா காக்கைக்குப் போடுவாள்.

அண்ணாச்சி போனை நீட்டினார். பேத்தி வளர்க்கும் இரண்டு நாய்கள், ஒரே மெத்தையில்.

“ஒண்ண விட்டு ஒண்ணு சாப்பிடாது தம்பி. என்னா பாசம்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு வந்து சேருமுன் என் போனில் அண்ணாச்சியின் நட்பழைப்பு வந்துவிட்டது. முகப்புப் படத்தில் அதே இரண்டு நாய்கள். இரண்டின் கழுத்திலும் நல்ல தடித்த பெல்ட்.

ஏற்றுக்கொள்ளவா? நீங்களே சொல்லுங்கள்.