சொல்லாதீங்கக்கா

போன் வழியாக மொழிபெயர்க்கும் வேலைக்கு என்னை எடுத்த அன்றே, பிரேசர் டவுன் ஆபீஸ் மேனேஜர் இரண்டு ரூல் சொன்னார். "காதுல விழுறது மொத்தமும் அந்தப் பக்கம் போகணும். டாக்டர் 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னுதான் சொல்லணும். நடுவுல நீங்கன்னு ஒரு ஆளே கிடையாது. கொத்தாய்த்தா மேடம், புரிஞ்சுதா?"

நீலசந்திராவில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் எனக்கு ஆபீஸ். ஜன்னலைச் சாத்தி, குக்கரை இறக்கி வைத்துவிட்டு லேண்ட்லைன் முன்னால் உட்கார வேண்டும். வெளியூர் ஆஸ்பத்திரிக்குத் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் லைன் என்னிடம் வரும். ஆளே இல்லாத மாதிரி இருப்பது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. மாமியார் வீட்டில் அந்தப் பயிற்சி நிறைய.

இரண்டாவது வருஷம், ஒரு நாள் காலை பம்பாய்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கால் வந்தது. சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த கொத்தனாருக்கு அன்று ஆபரேஷன். அவர் மனைவி செல்வி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். மயக்க மருந்து டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டு ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்: "ராத்திரியிலேர்ந்து அவர் ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்லீங்க" என்றாள் செல்வி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பசி தாங்கலன்னு அழுதாரு. வெடியகாலைல ஒரு டம்ளர் கஞ்சி குடுத்துட்டேன். சொல்லாதீங்கக்கா. ஏற்கெனவே ரெண்டு வாட்டி தள்ளிப் போட்டுட்டாங்க. இன்னிக்கும் இல்லன்னா அந்த மனுசன் வலியிலயே செத்துருவாரு."

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். அவள் நீளமாகப் பேசியிருந்தாள், ஏதாவது சொல்லியாக வேண்டும். "அவர் சாப்பிடவில்லை. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது" என்று செல்வியாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு டம்ளர் கஞ்சி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அக்கா என்றதும் மனசு இளகிவிட்டது. அந்த இளகலை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு அதே லைன் மறுபடி வந்தது. டாக்டர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ரூல்படி நான் சொன்னேன்: "மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிருச்சும்மா. என்னால அவரைக் காப்பாத்த முடியல."

டாக்டருடைய வார்த்தைதான். என் வாயிலிருந்து வரும்போது என்னுடையதாகவே இருந்தது.

செல்வி அலறவில்லை. "அந்தக் கஞ்சியாலயா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தத் தடவை ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொன்னேன், காலையில் கொடுத்த கஞ்சியையும் சேர்த்து. அதைக் காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். அதையும் செல்வியிடம் கேட்டேன்.

"அக்காகிட்ட சொன்னேனே" என்றாள்.

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த அக்கா என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வியைச் செல்வியிடம் கேட்பதுதான் ரூல். நான் கேட்கவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றேன்.

வேலை அன்றே போயிற்று. போனது நியாயம்தான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால், ரூலைப் பற்றி நான் பேசுவதில்லை. இதைத்தான் சொல்வேன்: நான் அவளுக்குக் கூடப்பிறந்த அக்காவாக இருந்திருந்தால், அவளை நாலு வார்த்தை திட்டிவிட்டு டாக்டரிடம் சொல்லியிருப்பேன்.