கிளாம்ப் செய்யத் தேவைப்பட்ட பாரம்

"சனி, காலை 10.20. பசை பூசியாயிற்று. பாரம்: மனைவி, ஏறத்தாழ எழுபது கிலோ" என்கிறது என் குறிப்பேடு. பிலிமத்தலாவை நகரக் கடையொன்று வீசிய பெட்டிப் பலகைகளில் கிளாம்ப் ஒன்று செய்துகொண்டிருந்தேன். பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் வேண்டும். என்னிடம் இல்லாததால்தான் அதைச் செய்யவே தொடங்கியிருந்தேன். ஆகவே மனைவியைப் பலகைகளின் மேல் உட்காரவைத்தேன். சும்மா இருந்தவள் குறிப்பேட்டை எடுத்துப் படித்தாள்.

"எழுபதாங்க? யாரு நிறுத்துப் பார்த்தா?"

"எழும்பிடாத, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"அப்ப அந்த எழுபத வெட்டுங்க. இல்லாட்டி இப்பவே எழும்புறேன்."

எழுதிய பதிவைத் திருத்துவது என் வழக்கமில்லை. ஆனால் பலகை அவளுக்குக் கீழே இருந்தது. எழுபதைக் கோடிட்டு வெட்டினேன். கிளாம்ப் இன்றும் உறுதியாக இருக்கிறது. பாரம் எத்தனை கிலோ என்பது மட்டும் இதுவரை சரிபார்க்கப்படவில்லை.