லால் பாஷா ஓட்டலில் பெண் பார்த்த கதை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பரமசிவத்திடம் கேட்டால், “ஓட்டல்ல சூப்பர்வைசர்” என்பார். அதற்குத் தோதாகச் சட்டைப் பையில் ஒரு பேனாவும் குத்தியிருப்பார். அந்தப் பேனாவை அவர் திறந்து யாரும் பார்த்ததில்லை. மூக்கண்டப்பள்ளியில், கம்பெனிகளுக்குப் போகிற சாலையோரம் இருந்த லால் பாஷாவின் மிலிட்டரி ஓட்டலில் அவருடைய உண்மையான வேலை, குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிறவர்களைத் தூக்கி வெளியே போடுவது. ஓசூரில் இதையும் மூன்று பாஷைகளில் செய்ய வேண்டியிருந்தது. தமிழனுக்கு “எழுந்திரு”, அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்த கன்னடக்காரனுக்கு “ஏளு”, தெலுங்கு பேசுகிறவனுக்கு “லெய்”. அதற்கும் எழாதவனுக்கு விழுகிற அறையில் பாஷை வித்தியாசம் கிடையாது.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வந்த புதிதில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தார். ஷிஃப்ட் இன்சார்ஜ் தன் அம்மாவை இழுத்துத் திட்டினான் என்று அவன் முன்பற்களை உதிர்த்துவிட்டு, மறுநாள் கேட்டுக்கு வெளியே நின்றார். அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. ஒருநாள் லால் பாஷா ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசை லாரிக்காரர்கள் இரண்டு பேர் சப்ளையரைத் தட்டால் அடித்தார்கள். பரமசிவம் வலது கையில் பிரியாணி ஒட்டியிருக்க, இடது கையாலேயே இரண்டு பேரையும் சாக்கடையில் தள்ளிவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். அன்றைக்கு அவருக்கு பில் வரவில்லை, வேலை வந்தது.

ஒளிப்பானேன், அடிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. எதிராளியின் தாடை எலும்பு விரல் முட்டியில் இடிக்கும்போது அவருக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். பறிபோன வேலை, மஞ்சள் காமாலையில் போய்ச்சேர்ந்த மனைவி, ஒற்றை அறை லைன் வீடு எல்லாம் அந்த நேரத்துக்கு மறந்துபோகும்.

அவருக்கு ஒரே மகள், சுப்ரியா. வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலைக்கு நின்றாள். பேரிகை என்ற ஊரிலிருந்து வந்த ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிகிற நேரத்தில், அவர்கள் டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். “அந்த அடியாள் வீடா?” என்று கடைக்காரன் கேட்டது போதும், அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். இப்போது அதே கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கும் அஸ்வின் அவளைக் கேட்டு வருகிறான். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்திருந்தது. அவனுடைய அம்மா ஜோதிமணியின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. பாலக்கோட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

“என்ன நடந்தாலும் அன்னிக்கு ஒரு நாள் யார் மேலயும் கை வைக்காதப்பா. இதுவும் கெட்டுச்சுன்னா எனக்கு இன்னொண்ணு வேணாம்” என்றாள் சுப்ரியா.

“உன் தலைமேல சத்தியம்மா” என்று அவள் உச்சியில் கை வைத்துச் சொன்னார் பரமசிவம். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார்.

லைன் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அதனால் லால் பாஷா தன் ஓட்டலின் மாடியில் இருந்த ஃபேமிலி ரூமை ஒழித்துக் கொடுத்தார். கழுவி, ஊதுபத்தி ஏற்றி, எதிரே இருந்த சைவ ஓட்டலிலிருந்து கேசரியும் பஜ்ஜியும் வாங்கி வைத்தார். எல்லாம் முறையாகத்தான் இருந்தது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதுவரை பலகாரம், காபியோடு சரி. இதெல்லாம் பாஷாவுக்கும் தெரியும். ஆனால் தன் ஓட்டலுக்கு வந்தவர்கள் வெறும் பஜ்ஜியோடு திரும்புவதை அவர் மனசு ஏற்கவில்லை. ஒரு பெரிய தாம்பாளம் நிறைய மட்டன் பிரியாணியைத் தானே சுமந்துகொண்டு மாடி ஏறி நடுவில் வைத்துவிட்டார்.

நல்ல காரியம் பேசுகிற இடத்தில் கறி! ஜோதிமணி புடவைத் தலைப்பால் மூக்கை மூடினார். கூட வந்திருந்த உறவுக்காரர்களின் கண் மட்டும் தாம்பாளத்தை விட்டு நகரவில்லை.

“இது பொண்ணு வீட்டுச் சோறு இல்லைங்களே, ஓட்டல் சோறுதானுங்க” என்று அவர்களில் ஒருவர் மெல்ல நியாயம் பேசினார்.

“நீங்க சும்மா இருங்க. இன்னும் ஒண்ணும் பேசி முடியல” என்றார் ஜோதிமணி.

பரமசிவத்துக்கு வியர்த்தது. பாஷா பாயின் அன்பே சுப்ரியாவின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிடும் போலிருந்தது. அப்போது அஸ்வின் சிரித்துக்கொண்டே, “அம்மா, எனக்குப் பசிக்குது” என்று தாம்பாளத்தை நோக்கிக் கையை நீட்டினான். சுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாலும் அவள் உதட்டில் சிரிப்பு வந்ததைப் பரமசிவம் பார்த்தார். ஜோதிமணியும் மகன் கையைத் தட்டிவிடலாமா, விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

கீழே கண்ணாடி நொறுங்கியது.

வந்திருந்தது பூபதி. கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி. போன வாரம் சப்ளையர் முகத்தில் சால்னாவை ஊற்றியதற்காக, அவனை அவனுடைய ஆட்கள் முன்னாலேயே பரமசிவம் பிடரியைப் பிடித்துத் தெருவில் உருட்டியிருந்தார். இன்று மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு இரும்புப் பைப்போடு வந்திருக்கிறான். கல்லாப் பெட்டி மேலிருந்த கண்ணாடி போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டுவிட்டு ஓடினார்கள்.

“எங்கடா உங்க சூப்பர்வைசர்? வரச் சொல்லுடா அவன!”

பரமசிவம் மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் மெதுவாகப் படியிறங்கினார். கடைசிப் படியில் நின்று இரண்டு கைகளாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னய அடிக்கத்தானடா வந்த? அடிச்சுக்க. ஓட்டலை விட்டுரு” என்றார்.

பூபதிக்கே நம்ப முடியவில்லை. முதல் அடி சந்தேகமாகத்தான் விழுந்தது, தோளில். திருப்பி அடி வரவில்லை என்றதும் அடுத்தது முழங்காலில் விழுந்தது. பிறகு முதுகிலும் விலாவிலும். விலாவில் ஏதோ முறிவது பரமசிவத்துக்கே கேட்டது. வாயில் குத்து விழுந்து பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. அதைத் துப்பிவிட்டு மறுபடியும் கம்பியைப் பிடித்தார். மாடிப்படியின் மேலே மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அடி வாங்குவது அடியைவிட வலித்தது. ஆனாலும் கை கம்பியை விடவில்லை.

“போதும்டா, பாவி! அவனை விட்டுடுங்கடா” என்று குறுக்கே வந்தார் லால் பாஷா. பூபதி அவர் வயிற்றில் உதைத்தான். சுருண்டவரைச் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று பரோட்டாக் கல் வரைக்கும் இழுத்துப் போனான். காய்ந்து புகைந்துகொண்டிருந்த கல்லின் மேல் அந்தக் கிழவருடைய உள்ளங்கையை வைத்து அழுத்தினான். பாஷா போட்ட அலறலில் தெருவில் போன வண்டிகள் நின்றன. தோல் கருகும் நாற்றம் ஓட்டல் முழுக்கப் பரவியது.

தனக்குச் சோறு போட்டவர் அலறுகிறார். மகள் தலைமேல் சத்தியம் இருக்கிறது. பரமசிவம் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

“அடிப்பா!” என்று கத்தினாள் சுப்ரியா. “பாத்துக்கிட்டு நிக்கிற? அடி!”

கம்பியை விட்டுவிட்டார். முறிந்த விலாவோடு அவர் பாய்ந்த வேகத்தில் முதலில் நின்றவன் மேசையோடு சாய்ந்தான். அடுத்தவனுடைய பைப்பைப் பிடுங்கி அவன் முழங்கையிலேயே இறக்கினார். கை எதிர்ப்பக்கமாக மடங்கித் தொங்கியது. மூன்றாவது ஆள் அதைப் பார்த்துவிட்டுச் சாலையைத் தாண்டி ஓடினான். பூபதி பாஷாவை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்து வீசினான். அது பரமசிவத்தின் நெற்றியைக் கிழித்தது. அவர் பொருட்படுத்தவில்லை. பூபதியின் முடியைப் பிடித்து இழுத்து மேசை விளிம்பில் மோதினார். மூக்கு உடைந்தது. மறுபடியும் மோதினார். அவன் கால் தொய்ந்து தரையில் விழுந்த பிறகும் மேலே உட்கார்ந்து குத்தினார்.

“போதும்பா” என்றாள் சுப்ரியா. படியில் பாதி இறங்கியிருந்தாள். “அப்பா, போதும்! செத்துருவான்!”

பூபதியின் முகம் யாருடையது என்று அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அவன் கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. பரமசிவம் கீழே கிடந்த பைப்பை எடுத்து ஓங்கினார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்து இழுத்தது. “மாமா, விடுங்க மாமா” என்று ஒரு குரல். திரும்பிக்கூடப் பார்க்காமல் பைப்பைச் சுழற்றினார்.

தாடையில் பட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. சுப்ரியா “ஐயோ” என்றாள். பரமசிவம் திரும்பினார். அஸ்வின் தரையில் உட்கார்ந்திருந்தான். புது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவந்திருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஜோதிமணி மகன் மேல் விழுந்து கதறினார். பரமசிவம் கையிலிருந்த பைப்பைக் கீழே போட்டார்.

சுப்ரியா தன் துப்பட்டாவை அவன் தாடைக்குக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பின்னாலேயே ஓடி வந்த அப்பாவை, “நீ வராத” என்று நிறுத்திவிட்டாள்.

பூபதி பிழைத்துக்கொண்டான். போலீஸ் ஸ்டேஷனில் இரு தரப்பும் சமாதானம் என்று எழுதிக்கொடுத்தார்கள். பாஷாவின் உள்ளங்கை வெந்தது வெந்ததுதான். அதற்குப் பிறகு அவர் கரண்டியை இடது கையால்தான் பிடித்தார். அஸ்வினுக்குத் தாடையில் கம்பி கட்டியிருந்தார்கள். சுப்ரியா தினமும் ஷிஃப்ட் முடிந்து போய் அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள். எல்லாம் போயிற்று என்றுதான் பரமசிவம் நினைத்திருந்தார். ஆனால் ஜோதிமணி அப்படிப்பட்ட மனுஷி இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் கூனிக்குறுகி நின்றவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சண்டைன்னா அடி மாத்தி விழத்தாங்க செய்யும். ஒரு கெழவரைக் காப்பாத்தத்தான போனீங்க. உங்க பொண்ணு மாதிரி ஒருத்தி எம்பையனுக்குக் கிடைக்க மாட்டா” என்றார். பரமசிவம் அவர் எதிரிலேயே அழுதுவிட்டார்.

பாலக்கோட்டில் கல்யாணம் வைத்தார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் பரமசிவம் புது வேட்டியை மடித்துப் பையில் வைத்தார். சுப்ரியா அதை எடுத்து வெளியே வைத்தாள்.

“நீ கல்யாணத்துக்கு வரவேணாம்ப்பா.”

அவருக்குப் புரியவில்லை. “சம்பந்தியம்மா சொன்னாங்களா?”

“அவங்க சொல்லல. அவரும் சொல்லல. நான்தான் சொல்றேன்.”

“நீதானம்மா அடின்னு சொன்ன?”

“ஆமா, நான்தான் சொன்னேன். அது உனக்கு உடனே காதுல விழுந்துச்சு. போதும் போதும்னு தொண்டை கிழியக் கத்துனேனே, அது ஏம்ப்பா விழல?”

பரமசிவம் வேட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதுவும் அவர் காதில் விழுந்திருந்தது. முதல் தடவை சொன்னபோதே நன்றாக விழுந்திருந்தது. அதை மகளிடம் சொல்லத்தான் அவருக்குத் தைரியம் இல்லை.