பின்பக்கமாக மேடு ஏறிய கார்

பதுளையில் கார்கள் அரிதாக இருந்த காலம். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த நான், தேயிலைத் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்த துரையின் பழைய காரை வாங்கினேன். பெட்ரோல் குழாயில் குளவி கட்டியிருந்த மண்ணைக் குடைந்தெடுத்து, டயர்களை மாற்றியதும் சமதரையில் நன்றாக ஓடியது. தோட்டத்துக்குப் போகும் செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "பெட்ரோல் டாங்கி நம்ம சீட்டுக்கு அடியிலதானே இருக்கு. மேட்டுல எஞ்சின் அதைவிட ஒசந்துடுது, அப்புறம் எப்படிங்க பெட்ரோல் அங்க போகும்? திருப்பி, பின்னாலயே ஏத்திப் பாருங்க, எஞ்சின் டாங்கிக்குக் கீழ வந்துடும்" என்றாள்.

அப்படியே செய்தேன். கார் முனகாமல் ஏறியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று சிரித்தார்கள். மனைவி அவர்களுக்குக் கையசைத்தாள். அதன்பிறகு துணி மூட்டைகளோடு தினமும் அப்படித்தான் மேடேறினோம். ஒருநாளும் வழியில் நின்றதில்லை.