பொழுது சாய்ந்தால் வரும் அந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் என் ஓரகத்தியையே இழந்துவிடப் பார்த்தேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நானும் அவளும், அதாவது என் கொழுந்தனார் மனைவியும், கம்பும் சோளமும் வாங்கிக் காயவைத்து, கிலோ கிலோவாகப் பாக்கெட் போட்டு விற்கிறோம். காயவைப்பது என் பொறுப்பு. புடைத்து டிரம்மில் கொட்டி வைப்பது அவள் பொறுப்பு. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வாடிக்கையாக வாங்கும் அம்மா ஒருவர் போன வருஷம் போன் செய்தார். துபாயில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அனுப்ப எடுத்துவைத்த சோளப் பாக்கெட்டுக்குள் அந்துப்பூச்சி.

"ஏங்க்கா, சோளம் கேட்டா பூச்சியக் குடுத்திருக்கீங்க. ஃப்ளைட்டே வேணாம், அதுவா பறந்து போயிடும் போலருக்கே" என்று சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது.

நேராக ஓரகத்தி வீட்டு வாசலில் போய் நின்றேன். "டிரம்மக் கழுவுறியா, இல்ல சும்மா தொடச்சுக் காட்டுறியா? உன் அழுக்குக்கு நான் பதில் சொல்லணுமா?" நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கும் வரவில்லை.

பத்து நாள் தனியாகக் கிடந்து அல்லாடினேன். டிரம்மை நானே சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். புதுச் சோளத்தைக் களத்தில் பரப்பினேன். சூட்டோடு அள்ளினால் டிரம்முக்குள் வேர்த்துவிடும் என்று, பொழுது சாய்ந்த பிறகும் களத்திலேயே ஆறவிடுவது என் வழக்கம். அந்த நேரம் அவளைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு நான் டீ குடிக்க வீட்டுக்குப் போய்விடுவேன். இப்போது அவள் இல்லை. மாடு வாய் வைக்காமல் நானே உட்கார்ந்திருந்தேன்.

வெளிச்சம் மங்கியதும் பக்கத்து மக்காச்சோளக் காட்டிலிருந்து வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் வந்தன. ஒவ்வொன்றாகச் சோளத்தின் மேல் உட்கார்ந்தன. அட கடவுளே! அந்து டிரம்மில் பிறக்கவில்லை. நான் ஆறப்போட்ட இடத்தில், வெட்டவெளியில் முட்டை வைக்கிறது. அதை வாரிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்ததும் நான்தான்.

அழுகை வந்துவிட்டது. அப்படியே அவள் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னுதுடி. சாயங்காலம் களத்துலதான் அந்து வந்து உக்காருது. கண்ணால பாத்துட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும்க்கா."

"தெரியுமா? ஏண்டி சொல்லல?"

"சொன்னா கேக்கவா போறீங்க? மேல வுழுந்து புடுங்குவீங்க."

சுருக்கென்றது. பூச்சியைவிட என் வாய்க்குத்தான் அவள் பயந்திருக்கிறாள்.

"இனிமே சொல்லு. நான் கத்துனாலும் சொல்லு" என்றேன்.

மறுநாள் வந்துவிட்டாள். அந்து உட்கார்ந்த சோளத்தை ஒதுக்கிவிட்டு வேறு சோளம் காயப்போட்டு, வெயில் இருக்கும்போதே அள்ளி, வீட்டுக்குள் கொட்டி, பழைய வேட்டியால் மூடி ஆறவைத்தோம். அந்தச் சோளம்தான் பிறகு துபாய்க்குப் போனது. இன்றுவரை புகார் இல்லை. மூடி முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்லட்டுமாக்கா? பத்து நாளா நீங்க பொடச்சதுல பாதிக் கல்லு உள்ளயே கெடக்கு."

கத்த வாய் திறந்துவிட்டேன். அப்புறம் எழுந்துபோய் முறத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.