பன்னிரண்டாவது மாடு

என் மேசை லாச்சிக்குள், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் மாடு கிடக்கிறது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நிறம் பூசாத வெறும் வெள்ளை. பேனை தேடிக் கைவிடும் போதெல்லாம் அதன் கொம்பு விரலில் குத்தும். பன்னிரண்டு மாடுகளில் இதுதான் கடைசி. மற்றப் பதினொன்றுக்கும் நிறம் சொன்னவள் நான். அதில் ஏழுக்கு நான் சொன்னது முழுப் பொய்.

நிறம் கேட்டவர் அத்தான், என் அக்காவின் கணவர். ரயிலில் கார்ட் வேலை பார்த்தவர். வேலைக்காலமெல்லாம் தெற்கிலேயே கழிந்தது. லீவுக்கு வந்து நின்ற நாட்களை எண்ணிவிடலாம். அக்கா கொடிகாமத்தில், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில், பிள்ளையையும் மாடுகளையும் வளர்த்துக்கொண்டு இருந்தாள். அடுத்த வளவில் நான், கல்யாணம் முடிக்காத பள்ளிக்கூட ரீச்சர். நடுவேலியில் ஒரு பொட்டு இருந்தது. குனிந்து நுழைந்தால் அக்காவின் குசினி. அக்கா செத்த பிறகு அந்தப் பொட்டால் அத்தானும் வந்ததில்லை, நானும் போனதில்லை. எழுபது கடந்தவர்களைப் பற்றி யார் என்ன கதைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது எனக்குக் கேட்கும், என் வானொலி அவருக்குக் கேட்கும். இரண்டு வருடம் அப்படியே போனது.

பிறகு கனடாவிலிருந்து மகன் ஒரு பெட்டி அனுப்பினான். பேரன் வளர்ந்துவிட்டானாம், அப்பாவுக்குப் பொழுது போகுமாம். உள்ளே ஒரு சின்ன ரயில், தண்டவாளத் துண்டுகள், பலகை வேலி, பன்னிரண்டு வெள்ளை மாடுகள், தொப்பி போட்டுக் கயிறு சுழற்றும் இரண்டு குதிரைக்காரர்கள். பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றின் நடுவே ரயில் போவது போலப் பெட்டியில் படம்.

அத்தான் பெட்டி மூடியோடு என் வாசல் படலையில் வந்து நின்று செருமினார். "மாடு மேய்க்கக் குதிரையோ, பிள்ளை? கொக்கா ஒரு பூவரசங் கம்போடை எல்லாத்தையும் மேய்ச்சவ" என்றார், என் அக்காவை நினைத்து.

பழைய கதவு ஒன்றை இரண்டு ஸ்ரூலின் மேல் போட்டுத் தண்டவாளத்தைச் சுற்றி வளைத்தாராம். பலகை வேலியை எறிந்துவிட்டு ஈர்க்கால் மட்டை வேலி கட்டினாராம். ஒரு குதிரைக்காரனை இறக்கி, தொப்பியைச் சுரண்டி, இடுப்பில் சாரம் கட்டியது போல நிறம் பூசி, ரயில் கேற் காவலாளி ஆக்கிவிட்டார். குதிரையில் இருந்த கால் வளைந்தபடியே நின்றதால், வயிற்றாலடி பிடித்தவன் போல நிற்கிறான் என்று தானே சொல்லிச் சிரித்தார்.

"மாட்டுப் பட்டி மட்டும் கொக்கான்ரை பட்டி மாதிரியே வேணும்" என்றார் பிறகு. "நான் லீவு முடிஞ்சு வண்டியிலை போகேக்கை எட்டிப் பாத்ததுதான். ஒருநாளும் நிண்டு பாக்கயில்லை. நீர்தான் சொல்லோணும்."

அன்று தொடங்கி, நான்கு மணிக்கு வந்து ஒரு கேள்வி கேட்பார். சிவலையின் கொம்பு உள்ளே வளைந்ததா, வெளியேயா? கறுப்பிக்கு நெற்றியில் சுட்டி உண்டா? அக்கா எந்தப் பக்கம் குந்திப் பால் கறந்தாள்? "உள்ளுக்கு வாங்கோ அத்தான்" என்றால், "இல்லை, இதிலை நிண்டே கேக்கிறன்" என்பார். தேத்தண்ணியைப் படலையிலேயே குடிப்பார். பூசி முடிந்த மாட்டை நெருப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார். வெளிநாட்டு மாட்டின் கொழுத்த வயிற்றைச் சுரண்டி, மெழுகால் திமில் வைத்திருப்பார். நான்கு மணிக்கு முன்னரே நான் முகம் கழுவிச் சேலை மாற்றத் தொடங்கினேன்.

அக்காவிடம் நின்றவை நாலே நாலு மாடுகள். சிவலை, கறுப்பி, வெள்ளைச்சி, ஒற்றைக்கொம்பி. நாலாவதும் நெருப்புப் பெட்டியில் வந்த அன்று எனக்குப் பயம் பிடித்தது. சொல்ல ஒன்றுமில்லாமல் போனால் அவர் வரமாட்டார். மறுபடி வானொலியும் இருமலும்தான்.

"அத்தான், மயிலை ஒண்டும் நிண்டது. சந்தையடியிலை வாங்கினது" என்றேன்.

ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பைக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஓம் ஓம், நிண்டதுதான்" என்றார். "வால் நுனி என்ன நிறம்?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். பொய் சொல்லாதே என்று வகுப்பு வகுப்பாகப் படிப்பித்தவள், மூளிக்காதிக்குக் காது போன கதையையும், கிணற்றில் விழுந்த மறைச்சியின் கதையையும் இரவெல்லாம் யோசித்துச் சொன்னேன். செத்துப்போன அக்காவின் பட்டியில் கள்ள மாடுகளை அடைக்கிறேனே என்று மனம் உறுத்தியது. ஆனாலும் நிறுத்தவில்லை. பதினொன்று ஆயிற்று.

"இனி ஒண்டுதான் மிச்சம்" என்று இந்த வெள்ளை மாட்டை நீட்டினார். அது முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும். "நிறம் ஞாபகம் வருகுதில்லை, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். "அவசரமில்லை. அது உம்மட்டையே கிடக்கட்டும், நாளைக்கு வந்து கேக்கிறன்" என்றார். இரண்டு கிழமை அப்படியே நாள் கடத்தினேன். பிறகு ஒரு நான்கு மணிக்குச் செருமல் கேட்கவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு பொட்டால் நுழைந்து போனேன். அத்தான் கதிரையில் இருந்தபடியே போயிருந்தார்.

செத்தவீடு முடிந்து மகன் வீட்டைப் பூட்ட முன், "சின்னம்மா, உதை என்ன செய்யிறது?" என்று கதவுப் பலகையைக் காட்டினான். அப்போதுதான் அதை நின்று பார்த்தேன். எங்கள் வளவு, பூவரசு, வேலிப் பொட்டுக்கூட வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். சிவலையின் தொடையில் ஊசி முனையால் வைத்தது போல ஒரு எழுத்து. அக்காவின் பெயரின் முதலெழுத்து. கறுப்பிக்கும் இருந்தது. வெள்ளைச்சிக்கும் ஒற்றைக்கொம்பிக்கும் இருந்தது. மற்ற ஏழிலும் இல்லை.

மாடுகளுக்கு அந்த எழுத்தைக் குறியாகச் சுட்ட நாள் அப்போதுதான் நினைவு வந்தது. கருகிய மயிர் மணம் தாங்காமல் நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன். லீவில் வந்து நின்ற அத்தான்தான் ஒவ்வொரு மாடாகக் கயிறு பிடித்தவர். நாலு மாடுகளுக்கும்.

முதலில் வெட்கம் வந்தது. பிறகு மகன் பார்க்கிறான் என்றும் பாராமல் அழுதேன். மயிலையைச் சொன்ன அன்றே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வால் நுனியின் நிறம் கேட்டிருக்கிறார்.

பலகை இப்போது என் விறாந்தையில் இருக்கிறது. நான்கு மணிக்கு நான் இன்னும் முகம் கழுவுகிறேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வானொலியைக் கொஞ்சம் சத்தமாகவே வைக்கிறேன். லாச்சியைத் திறந்து வெள்ளை மாட்டை எடுத்துப் பார்ப்பேன். செம்பழுப்பு, நெற்றியில் சுட்டி, கழுத்தில் சின்ன மணி, அக்கா அதைச் செல்லி என்று கூப்பிடுவாள். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். படலையில் நின்று ஒருவர் கேட்க வேண்டும்.