ஓரகத்திக்காக ஏற்றிய எள் விளக்கு

சனிக்கிழமைதோறும் குச்சனூர் சனீஸ்வரர் கோவிலுக்கு வருகிற உங்களிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் தேனியில் நர்ஸ். போன ஆடியில் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். ஸ்டேஷனில் கையை விரித்துவிட்டார்கள். என் மேல் வழக்கு இருந்தது. போட்டவள் என் மூத்த ஓரகத்தி பாண்டியம்மாள். திராட்சைத் தோட்டத்துப் பொதுக் கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்ற சண்டையில், சேற்றில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். நான் மண்வெட்டிக் காம்பால் அடித்ததாக எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் அவளைத் தொடக்கூட இல்லை.

வயிறு எரிந்தது. ஒன்பது சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றினேன். வழக்கு முடியட்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "சனீஸ்வரா, என்னை விட்டு இறங்கி அவ மேல ஏறு. அவ படுக்கையில கெடக்கணும், அத நான் பாக்கணும்." காக்கைக்கு எள்ளுச் சோறு வைத்தபோதும் அவள் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். அப்படி வேண்டும்போது மனதுக்கு இதமாக இருந்தது.

பத்தாவது வாரம் அவளே என் வாசலில் வந்து நின்றாள்.

"ஒன் மூஞ்சியப் பாக்க வரல. எம் மகனுக்காக வந்திருக்கேன். ரெண்டு கேஸையும் முடிச்சுக்கிருவோம்."

இரண்டாவது கேஸ் நான் கொடுத்தது. அவள் புகாருக்குப் பதில் புகார். ஆத்திரத்தில் அவள் மகன் பெயரையும் சேர்த்திருந்தேன். அவனுக்கும் பாஸ்போர்ட் நின்றுபோயிருந்தது.

மதுரையில் வக்கீல் சொன்னார்: "ரெண்டு பேரும் ஹைகோர்ட்டுல நேர்ல நின்னு, வழக்கு வேணாம்னு சொல்லணும்மா. அவுக நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பயந்தபடியே ஆனது. விசாரணைக்கு ஏழு நாள் இருக்கும்போது அவளை டெங்கு காய்ச்சலோடு என் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். நான் கேட்டபடி, என் கண் முன்னால் படுக்கையில் கிடந்தாள். ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின.

"நீ ஊசி போடாத. வேற ஆளக் கூப்பிடு" என்றாள்.

"செத்துகித்துப் போயிராதக்கா. வியாழக்கிழமை ஜட்ஜ் முன்னால நீ நிக்கணும்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் பெயரிலேயே விளக்கு ஏற்றினேன். "சாமி, அவள விட்டு இறங்கு. கேஸ் முடியிற வரைக்குமாவது இறங்கு." என் வாயாலேயே கேட்க வைத்துவிட்டார் என்று அழுகை வந்தது. திங்கட்கிழமை தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. நான்தான் இரவும் பகலும் பார்த்தேன்.

வியாழக்கிழமை என் தோளைப் பிடித்தபடி கோர்ட்டுக்குள் வந்தாள். "சேத்துல வழுக்கித்தான் விழுந்தேன்" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்தது. அடுத்து என்னைக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "அவுக மகன் அன்னைக்கு ஊர்லயே இல்லைங்கய்யா. கோயம்புத்தூர்ல இருந்தாப்ல." இரண்டு வழக்கையும் ரத்து செய்தார்கள்.

சான்றிதழ் வந்துவிட்டது. அடுத்த மாதம் விமானம். அவளை நான் மன்னிக்கவில்லை, பேசுவதும் இல்லை. ஆனால் யாரும் கெட்டுப்போக வேண்டும் என்று இப்போது வேண்டுவதில்லை. நம்பி வாருங்கள், கேட்டதைக் கொடுப்பார். அவளைப் பிடி என்று ஒன்பது வாரம் நான் கேட்டபோது, பொய்ப் புகார் கொடுத்த என்னையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.